மூட்டைப்பூச்சி வாடைத் திராட்சை

பெங்களூரிலிருந்து கொண்டுவந்து நான் நட்ட நீலத் திராட்சையைக் கண்டாலே, அடுத்த வீட்டிலிருந்த அக்கா புருஷன் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

"மூட்டைப்பூச்சி வாடை அடிச்சிகினு கீது. வெட்டிப் போட்டுடு."

நான் வெட்டவில்லை. அந்த ஐப்பசி அடைமழையில் அவருடைய பன்னீர்த் திராட்சை வெண்பூஞ்சை பிடித்துக் கருகியது. என் கொடியில் ஓர் இலைகூட வாடவில்லை. பங்குனியில் பழுத்ததைப் பிழிந்து, வெல்லம் போட்டு, ஊறுகாய் ஜாடியில் புளிக்க வைத்தேன். நாற்பதுகளின் மதுவிலக்குக் காலம் அது. போலீஸ்காரர் வந்தால் அவருக்கும் ஒரு டம்ளர் என்றிருந்தேன்.

வந்தவர் அக்கா புருஷன். கொல்லைப்பக்கமாக, கையில் டம்ளரோடு.

"ரத்தம் ஊறுமாமே. கொஞ்சம் ஊத்தும்மா."

"ஊத்துறேன், பாவா. மொதல்ல அந்தக் கொடிக்கு ரெண்டு கொடம் தண்ணி ஊத்திட்டு வாங்க."