அம்மாவுக்கு வந்தது தொற்றுக் காமாலை அல்ல

அம்மாவைக் கொண்டுபோனது மஞ்சள் காமாலை என்று உறவினர் பலர் இன்றும் சொல்கிறார்கள். காமாலை வெளியே தெரிந்த அடையாளம் மட்டுமே. நோய், பித்தநாளத்தில் உண்டான புற்றுநோய். முதலாண்டு நினைவாக வரும் இந்த மலரில் அதை உள்ளபடி எழுதிவைப்பதே முறை என்று பிள்ளைகள் நாங்கள் கருதினோம்.

அம்மா பிறந்தது சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில். திருமணமாகிக் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்தார். அப்பா ஒரு மிளகுக் கிடங்கில் எடை போடும் வேலையில் இருந்தார். எழுபதுகளின் நடுவில் மூட்டை அடுக்கு சரிந்து அப்பாவின் கால் முறிந்தது, வேலையும் போனது. அம்மா முன்னறையில் பெஞ்சுகளைப் போட்டு மதியச் சாப்பாடு போடத் தொடங்கினார். கிடங்குகளில் மூட்டை சுமந்த நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள் வந்து சாப்பிட்டார்கள். குறை சொன்னால் அம்மா மறுக்கமாட்டார். “ஆமா, சோறு குழைஞ்சுதான் போச்சு. ரசத்த ஊத்தி அடி” என்பார். பிள்ளைகள் மூவரும் படித்தது அந்தச் சோற்றில்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அம்மாவுக்கு உடம்பெல்லாம் அரிப்பு வந்தது. அவர் தினமும் மஞ்சள் பூசிக் குளிப்பவர். கடை மஞ்சள் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அதை நிறுத்தினார். அரிப்பு நிற்கவில்லை. சில நாள் கழித்துப் பக்கத்து வீட்டு மேரி சேச்சி கிண்டல் செய்தார்.

“மஞ்ஞள விட்டாச்சுன்னு சொன்னது சும்மாவா அக்கா? இப்பளும் கல்யாணப் பெண்ணு மாதிரி தன்னே மினுங்குது!”

“போடி மேரி, இந்த வயசுல எனக்கு மாப்பிள்ள பாக்குறியாக்கும்!”

சிரித்துக்கொண்டே அம்மா ஈரத்துண்டால் கையைத் தேய்த்தார். துண்டில் மஞ்சள் ஒட்டவில்லை. மேரி சேச்சி அம்மாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். வெண்விழியும் மஞ்சளாக இருந்தது. எத்தனையோ ஆண்டுகளாக அம்மாவை அந்த நிறத்திலேயே பார்த்துப் பழகியிருந்ததால், அது எப்போது உள்ளிருந்து வரத் தொடங்கியது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். உப்பில்லாக் கஞ்சி வைத்தோம். பக்கத்துச் சுள்ளிக்கல்லிலிருந்து வந்த அத்தை, அம்மாவின் தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்துவைத்தார். காமாலை என்று தெரிந்ததும் சாப்பிட வந்தவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது; அம்மாவே அடுப்படிக்குள் கால் வைக்கவில்லை. மஞ்சள் கூடியது. சிறுநீர், பால் சேர்க்காத கட்டன்சாயா நிறத்துக்கு வந்தது. மலம் வெளிறியது.

படகில் எர்ணாகுளம் அழைத்துப்போனோம். அங்கே மருத்துவர் விளக்கினார். கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் ஒரு மெல்லிய குழாய் வழியே குடலுக்குப் போகிறது. அந்தக் குழாய்தான் பித்தநாளம். அதற்குள் கட்டி வளர்ந்து வழியை அடைத்துவிட்டால் பித்தம் ரத்தத்தில் கலக்கும். தோலும் கண்ணும் மஞ்சளாவதும் அரிப்பதும் அதனால்தான். தண்ணீராலும் உணவாலும் பரவும் காமாலை வேறு, இது வேறு. கீழாநெல்லியால் இந்த அடைப்பு நீங்காது.

அம்மா முதலில் கேட்டது தன் உயிரைப் பற்றியல்ல.

“சாரே, நான் பொங்குற சோத்த மத்தவங்க திங்கலாமா?”

“தைரியமாயிட்டு சாப்பிடட்டே. இது பகருன்ன ரோகமல்ல, அம்மே. ஒருத்தர்கிட்டேந்து ஒருத்தருக்கு ஒட்டாது.”

“அப்ப எனக்கு?”

“வயித்தத் திறந்து பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்.”

திறந்து பார்த்தபோது கட்டி பக்கத்து ரத்தக் குழாய்களைப் பற்றியிருந்தது. அதை எடுக்க முடியவில்லை. பித்தம் குடலுக்குப் போக மாற்று வழி மட்டும் செய்தார்கள். நோய் அப்படியே இருக்கிறது என்பதை மருத்துவர் அம்மாவிடமே சொன்னார். கத்தி பட்டதால் நோய் பரவியது என்ற பேச்சு உண்மையல்ல.

அரிப்பு அடங்கியது, நிறமும் தெளிந்தது. தழும்பு ஆறியதும் அம்மா அடுப்பைப் பற்றவைத்தார். முதல் நாள் ஒருவரும் வரவில்லை. ஆக்கிய சோற்றை மறுநாள் பழையதாக நாங்களே சாப்பிட்டோம். அன்று மதியம் சுமைத் தொழிலாளர்களுக்குத் தலைவரான சங்கரலிங்கம் மாமா தனியாக வந்து உட்கார்ந்தார்.

“என்ன தங்கச்சி, இலைய மட்டும் பாத்துக்கிட்டே இருக்கவா? மீன ஆருக்கு ஒளிச்சு வச்சிருக்க?”

“பயமில்லையாண்ணே?”

“ஒன் மொளகாத்தூளுக்குத்தான் பயம். போடு.”

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் உள்ளே வந்தார்கள். அத்தை தனித் தட்டைக் கழுவி மற்றவற்றோடு அடுக்கினார்.

மழைக்காலம் வரை அம்மா சமைத்தார். பின்னர் ஸ்டூலில் உட்கார்ந்து உப்பு, புளி சொன்னார். பிறகு அதுவும் முடியவில்லை. ஒரு காலையில், அப்பா பக்கத்தில் இருக்க, அமைதியாக மறைந்தார்.

மருத்துவருக்கும் செவிலியருக்கும், படகேறி வந்து ரத்தம் கொடுத்த தொழிலாளர்களுக்கும், மேரி சேச்சிக்கும், சங்கரலிங்கம் மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இறுதிச் சடங்கன்று எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்கியவர்களும் இருந்தார்கள். அவர்கள்மேல் எங்களுக்கு வருத்தமில்லை. இந்தக் கட்டுரை அவர்களுக்காகவே. இன்றைய சாப்பாடு அம்மாவின் அடுப்படியில், அவர் புழங்கிய பாத்திரங்களில் ஆகிறது. எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும்.