டார்ச்லைட் முனியாண்டியும் அரிசி அளவு சிப்பும்

டேட்டா மீட்கும் கடைக்கு யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் கடை மாடியில். படியேறும்போதே ஆட்களுக்குச் சாவு வீட்டு முகம் வந்துவிடும். ஃபார்ம் ஃபைவ் முடித்ததும் படிப்பு போதும் என்று சொல்லிவிட்டு இங்கே சேர்ந்தேன். காப்பி எடுக்காமல் எதையாவது தொலைத்துவிட்டு தலையில் அடித்துக்கொண்ட ஆளா நீங்கள்? அப்படியென்றால் நாம் ஒரே கட்சி.

சாமி பக்கத்தில் பத்திரம்

தேவன் அண்ணன் கிள்ளானில் ஒரு மாரியம்மன் கோயிலின் செயலாளர். ஹார்ட் டிஸ்கை மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பிரித்தால் விபூதி வாசம். கோயிலை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். வாசலில் நின்ற முனியாண்டி பழைய சிமெண்ட் சிலை, நகர்த்தும்போதே நொறுங்கிவிட்டது. எஸ்டேட் ஆட்கள் தங்கள் கையாலேயே செய்தது. காலில் பூட்ஸ், ஒரு கண் லேசாகச் சுருங்கியிருக்கும், கையில் அரிவாளுக்குப் பதில் டார்ச்லைட். தமிழ்நாட்டிலிருந்து வந்த சிற்பி இப்படி ஒரு முனியாண்டியைக் கேள்விப்பட்டதே இல்லையாம். படம் தந்தால் அதே மாதிரி செய்கிறேன், இல்லையென்றால் வழக்கமான அரிவாள்தான் என்று சொல்லிவிட்டார்.

முகம் தெரியும்படி எடுத்த படங்கள் இந்த டிஸ்கில் மட்டும்தான். மற்றவர்கள் போனில் இருப்பதெல்லாம் முகத்தை மறைத்த மாலையும் எலுமிச்சம்பழமும். சரி, இதற்குள் எப்படித் தண்ணீர் போனது? பத்திரமாக இருக்கட்டும் என்று பூசைக் கும்பத்தின் அடியில் வைத்திருக்கிறார். ஈரத்தை டிஷ்யூவால் துடைத்துவிட்டு கம்ப்யூட்டரில் வேறு செருகிப் பார்த்திருக்கிறார். டிஸ்கின் சர்க்யூட் போர்டு கருகிவிட்டது.

"சாமி பக்கத்துல வச்சா பத்திரம்னு நெனச்சேன் தங்கச்சி. தினமும் தீர்த்தம் தெளிப்பாங்கன்னு தோணவே இல்லலா."

கும்பத்தில் யார்

என்ன கும்பம் என்று கேட்டேன். இடிப்பதற்கு முன்னால் சிலையில் இருக்கும் சக்தியை மந்திரம் சொல்லிக் கும்பத்துத் தண்ணீருக்கு மாற்றுவார்களாம். அதை ஒரு சின்னக் கொட்டகையில் வைத்து தினமும் பூசை. வேலை முடிந்ததும் அந்தத் தண்ணீரைப் புதுச் சிலைக்கு ஊற்றினால் சாமி திரும்ப வந்துவிடும். "அப்ப சாமியை மட்டும் சேவ் பண்ணீங்க, போட்டோவை விட்டுட்டீங்க" என்றேன். என் முதலாளி அந்தோணி அண்ணன் முறைத்தார்.

வாய் அப்படிப் பேசினாலும் மனசு அந்தக் கும்பத்திலேயே நின்றது. இருப்பதை வெளியே எடுக்காமல் எதையும் இடிக்கக்கூடாது என்பது கம்ப்யூட்டர் வந்தபிறகு வந்த புத்தி என்றுதான் நினைத்திருந்தேன். இவர்களோ எந்தக் காலத்திலிருந்தோ இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அதுவும் காப்பி இல்லை, முழுசாக இடம் மாற்றம். அதன்பிறகு பழைய சிலை வெறும் சிமெண்ட். எடுத்துப் போகும் வழியில் கும்பம் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அதான் தங்கச்சி, கும்பத்தைத் தூக்குறப்ப நாங்க யாருமே பேச மாட்டோம்."

செருப்பு வெளியே

எங்கள் வேலை அறைக்குள் செருப்பு கூடாது. முடியைக் கட்ட வேண்டும், வாயை மூட வேண்டும், ஃபேன் ஓடாது. செராஸ் கடைகளில் தேடி அதே மாடல் போர்டு ஒன்று வாங்கி மாட்டினோம். டிஸ்க் சுற்றியது, ஆனால் எதையும் படிக்கவில்லை. ஒவ்வொரு டிஸ்குக்கும் தன்னைப் பற்றிய விவரம் போர்டில் இருக்கும் அரிசி அளவு சிப் ஒன்றில் உண்டு. கருகிய போர்டிலிருந்து அதைக் கழற்றி, புதிதில் ஒட்ட வேண்டும். சூடு கொஞ்சம் கூடினாலும் முனியாண்டி அவ்வளவுதான்.

அன்றைக்கு தேவன் அண்ணனோடு கோயில் குருக்களும் வந்திருந்தார். இருவரும் கண்ணாடிக்கு வெளியே நின்றார்கள். அந்தோணி அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு சூடு காட்டினார். சிப்பை இடுக்கியில் தூக்கியபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை, தானாக வந்தது. புதுப் போர்டில் ஒட்டியதும் டிஸ்க் இந்தமுறை படித்தது. எவ்வளவு வந்து சேர்ந்தது என்று காட்டும் கோடு திரையில் மெல்ல நிறைந்தது. பிறகு முதலில் ஒரு பூட்ஸ், அடுத்த படத்தில் அந்தச் சுருங்கிய கண். தேவன் அண்ணன் கண்ணாடியில் நெற்றியை வைத்து அப்படியே நின்றுவிட்டார். குருக்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் இதே வேலைதாம்மா பாக்குறேன். உனக்கு வந்து சேர்ந்துடுச்சான்னு கோடு காட்டுது. எனக்கு யாரும் காட்டமாட்டாங்க."

கும்பாபிஷேகம்

படங்களைப் பார்த்துச் சிற்பி புதுச் சிலையைச் செய்து முடித்ததும் கூப்பிட்டார்கள், போனேன். வெயிலில் நிற்க வைத்தால் எனக்கு எரிச்சல் வரும். அன்று வரவில்லை. கும்பங்கள் தலைமேல் வந்தபோது அவ்வளவு கூட்டமும் வழிவிட்டு அமைதியானது. குருக்கள் முனியாண்டிமேல் தண்ணீரை ஊற்றினார். பூட்ஸில் வழிந்தது, டார்ச்லைட்டில் சொட்டியது. ஊற்றி முடித்தும் கும்பத்தைக் கீழே வைக்காமல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்து சேர்ந்ததா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வார்?

எனக்குப் பக்கத்தில் ஓர் ஆன்டி, கையில் அர்ச்சனைத் தட்டு. எங்கள் கடையைப் பற்றியோ சிப்பைப் பற்றியோ அவருக்கு எதுவும் தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தார். வீட்டு ஆளிடம் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டார். அதைக் கேட்டதும் குருக்கள் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தார். காலிக் கும்பத்தை அப்போதுதான் கீழே வைத்தார். ஆன்டி கேட்டது இவ்வளவுதான்:

"வந்துட்டீங்களா ஐயா? இவ்வளவு நாளா எங்க போயிருந்தீங்க?"

நாங்கள் மீட்டுக் கொடுத்த டிஸ்குக்கு மூன்று மாத வாரண்டி, குருக்கள் செய்த வேலைக்கு எத்தனை மாதம் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.