டி டிரைவில் இருந்தவள்

நாற்பதை நெருங்கும்போதுதான் எனக்குக் கல்யாணம் ஆனது. அவருக்கு அது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி நோயில் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பினாங் தீவில், சுங்கை பினாங்கில் அவருடைய அடுக்குமாடி வீட்டுக்கு நான் பெட்டியோடு போய்ச் சேர்ந்தபோது அவளுடைய புடவை ஒன்றுகூட அங்கே இல்லை. சுவரில் படமும் இல்லை. கூடத்து மூலையில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று மட்டும் இருந்தது. ஞாயிறு காலையில் அவர் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

அவள் வீட்டிலேயே தமிழ் டியூஷன் எடுத்தவள். கம்ப்யூட்டரின் டிஸ்க் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சி-யில் சிஸ்டம், டி-யில் அவளுடைய பயிற்சித் தாள்கள், சமையல் குறிப்புகள், படங்கள். பழைய எழுத்துருவில் அடித்தவை என்பதால் புதுக் கம்ப்யூட்டரில் வெறும் கிறுக்கலாகத் தெரியும், அதனால்தான் அந்தப் பழைய கம்ப்யூட்டரை விடவில்லை என்றார். நான் பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில் இப்படிப்பட்ட பழைய கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். எழுத்துருவை மாற்றித் தர எனக்கு ஒரு மதியம் போதும். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு விடுமுறை நாளில் அந்தக் கம்ப்யூட்டர் ஓட மறுத்தது. உள்ளேயிருந்து டிக் டிக்கென்று சத்தம். அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“உனக்குத்தானே இதெல்லாம் தெரியும்.”

முகம் வெளுத்திருந்தது. நான் டெங்கிக் காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட அந்த முகத்தை அவரிடம் பார்த்ததில்லை.

டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் இணைத்தேன். சி தெரிந்தது. டி-யைத் தொட்டதும், ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யவா என்று திரை கேட்டது. ஆம் என்று ஒரு தட்டு தட்டினால் போதும், எல்லாம் அழிந்துவிடும். டிஸ்க் செத்துவிட்டது என்று நான் சொன்னால் அவர் நம்புவார். சற்று நேரம் அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வேண்டாம் என்று அழுத்தினேன். நல்ல மனசால் அல்ல. இது அழிந்தால் அவர் அவளோடு சேர்த்து இதையும் நினைத்து ஏங்குவார். அவரிடம் எனக்கென்று மிஞ்சியிருப்பது இன்னும் குறையும்.

பழுதான டிஸ்க்கில் எதையும் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. முதலில் முழுதாகப் பிரதி எடுக்க வேண்டும், பிறகு பிரதியில்தான் கை வைக்க வேண்டும். பழைய சாமான் கடையில் அதே வகை டிஸ்க் கிடைத்தது, கொள்ளளவு கொஞ்சம் பெரியது. அதில் பிரதி எடுத்து முடிந்ததும், சி எது, டி எது என்று குறித்திருக்கும் பிரிவுக் கணக்கைத் திருத்தினேன். டி திரும்ப வந்தது.

சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு வீடியோவைத் திறந்தேன். “கெரெத்தாவ ஒழுங்கா நிறுத்துங்க லா,” என்று அவள் திட்டுகிறாள். அவர் காருக்குள்ளிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டு, அவளே இவ்வளவு சுத்தமாகப் பிரித்து வைத்தாளா என்று அவரிடம் கேட்டேன்.

“நான்தான் பிரிச்சேன். புத்தகம் வாங்கிப் படிச்சேன். சிஸ்டம் கெட்டுப்போனாலும் அவ ஃபைல் போயிடக் கூடாதுன்னு.”

டிவியில் சேனல் மாற்றுவதற்குக்கூட என்னைக் கூப்பிடுகிற மனிதர். புது டிஸ்க்கில் இடம் மிச்சம் இருக்கிறது என்றேன்.

“எனக்கும் ஒன்னு பிரிச்சுக் கொடுங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானையும் அழுத்துமுன் யோசித்து யோசித்து, என் உதவியில்லாமல் ஈ டிரைவை உண்டாக்கினார். அதற்கு என் பெயரை வைத்தார். என்ன போடப் போகிறேன் என்று கேட்டார்.

நான் அதுவரை யோசிக்கவில்லை. போனில் தேடினேன். பினாங் மலையில் எடுத்த படம் ஒன்று அகப்பட்டது, அதைப் போட்டேன். அதில் நான் அவர் கையைப் பிடித்திருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. ஏன் என்று நான் கேட்டதற்கு, அன்றைக்கு வெயில் கண்ணில் அடித்தது என்றார்.