தீர்த்த வாளியில் ஒரு நத்தை

இன்று ராமேஸ்வரத்திலிருந்து காரைக்குடி வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஓர் ஆச்சி. மடியில் மூடி போட்ட சின்ன வாளி. வீட்டாருக்குத் தெளிக்கக் கடல் தீர்த்தம் கொண்டுபோகிறாராம்.

“உங்களுக்கும் தெளிக்கவா தம்பி?” என்று மூடியைத் திறந்தார்.

அடியில் விரல் நீளத்தில் ஒரு சங்கு. கூம்பு வடிவம், வெள்ளையில் பழுப்பு வலைப்பின்னல். குறுகிய முனையிலிருந்து ஒரு குழாய் நீண்டு எதையோ தேடிக்கொண்டிருந்தது.

“ஆச்சி, கையை விடாதீக! அது உசுரோட இருக்கு. கூம்பு நத்தை. கொட்டுனா ஆளு பொழைக்கிறதே கஷ்டம்.”

“குளிக்கையில காலடியில கெடந்துச்சு, பூசை ரூம்ல வைக்க எடுத்தேன். காலையிலேர்ந்து இதுல கையை விட்டுத்தான் எல்லாருக்கும் தெளிக்கிறேன். டிரைவருக்குக்கூடத் தெளிச்சேன்.”

போனில் படம் தேடிக் காட்டினேன். படத்தையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

தேவகோட்டையில் இறங்கினார். வாளி சீட்டிலேயே இருந்தது.

“ஆச்சி, வாளி!”

“வெவரம் தெரிஞ்சவுக, நீங்களே வச்சுக்கங்க தம்பி.”

இப்போது அது என் சாப்பாட்டு மேசையில். மூச்சு முட்டுமோ என்று மூடியைத் திறக்கிறேன்; வெளியே வந்துவிடுமோ என்று உடனே மூடுகிறேன். சாயங்காலத்திலிருந்து இதே வேலை. கிணற்றில் விட்டால் நல்ல தண்ணீரில் செத்துப்போகும். பாவம், அதுவா வந்தது?

நாளை தொண்டிப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கடலில் விட்டுவிடலாம்.

திரும்பி வரும்போது எனக்குத் தீர்த்தம் மட்டும் வேண்டாம்.