மிச்சமில்லாக்காவும் ஒன்பது ஸ்க்ரூவும்

பல் டாக்டருக்கும் தையல் மெஷின் ஏஜென்சிக்கும் நடுவே, இரண்டாவது மாடியில் இருக்கிற ஒரு சின்ன அறையில்தான் மிச்சமில்லாக்கா லேப்டாப் ரிப்பேர் பார்க்கிறாள். வாசல் பலகையில் வேறு ஏதோ பெயர் எழுதியிருக்கிறது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கீழே யாரிடமாவது "மிச்சமில்லாக்கா கடை" என்று கேட்டால் போதும், கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடாத குறையாக வழி சொல்வார்கள்.

பெயருக்குக் காரணம் உண்டு. சாதாரணமாக ரிப்பேர்க்காரர்கள் ஒரு மெஷினைக் கழற்றிப் பூட்டினால் ஒன்றிரண்டு ஸ்க்ரூ மேஜையில் மிஞ்சும். "கம்பெனிக்காரன் சும்மா போட்டதுங்க" என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். அக்காவிடம் அந்தக் கதை கிடையாது. ஒரு அட்டையை எடுத்து அதில் லேப்டாப்பின் முதுகைப் படமாக வரைவாள். எந்த ஓட்டையிலிருந்து ஸ்க்ரூ வருகிறதோ, அட்டையில் அதே இடத்தில் அதைக் குத்தி வைப்பாள். வேலை முடியும்போது அட்டையும் காலி, மேஜையும் காலி. "எடுத்த எடத்துல வைக்கணும். அவ்வளவுதாங்க இந்தத் தொழிலே" என்பாள். கொஞ்சம் பெருமையோடுதான் சொல்வாள். அதில் தப்பும் இல்லை.

மேஜையில் ஒரு நீள நோட்டு இருக்கும். வரும் மெஷின் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. என்ன கோளாறு, என்ன செய்தோம் என்று எழுதிவிட்டுக் கடைசிக் கட்டத்தில் 'இதற்கு முன் திறந்தவர்' என்று ஒரு தகவல். அந்தக் கட்டத்தைச் சின்னப் பிள்ளைகள் படிக்காமல் இருப்பது நல்லது. 'சுத்தியலோடு பிறந்தவன்', 'கண்ணை மூடிக்கொண்டு பூட்டிய மகராசன்', 'படுபாவி', அடுத்த வரியிலேயே 'அதே படுபாவி'. தனக்கு முன்னால் ஒரு மெஷினைத் திறந்தவன் யாராக இருந்தாலும் அவன் அக்காவுக்கு ஜென்ம விரோதி.

அந்த வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவளுடைய நாத்தனார் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே அக்கா கையிலிருந்த வேலையை ஓரமாக வைத்தாள்.

"அண்ணி, மறுபடியும் நின்னுடுச்சு."

"எது நின்னுச்சு?"

"எதுன்னு கேக்கறீங்களே! இதுதான். நேத்து சாயங்காலம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருந்தேன். பத்து நிமிஷம் ஜோரா ஓடுச்சு. அப்புறம் அப்படியே கல்லு மாதிரி நின்னுடுச்சு. அணைச்சுட்டுப் போட்டா திரும்பவும் பத்து நிமிஷம், திரும்பவும் கல்லு."

நாத்தனார், அதாவது அக்காவின் கணவருக்குத் தங்கை, கட்டடங்களுக்குப் படம் வரைகிறவள். பத்து வருஷமாக அடுத்தவர் கையெழுத்துக்குக் கீழே வரைந்துகொண்டிருந்தவள் இப்போதுதான் தன் சொந்தப் பெயரில் போட்டிக்கு நிற்கிறாள். குழந்தைகளுக்காக ஒரு நூலகம் கட்டப் போகிறார்கள். அன்று மாலை நான்கு மணிக்கு ஏழு பேர் கொண்ட குழு உட்கார்ந்திருக்கும். அவர்கள் முன்னால் அந்தக் கட்டடத்தைத் திரையில் சுற்றிக் காட்ட வேண்டும். வாசல் வழியே உள்ளே போய், சாய்தளத்தில் ஏறி, ஜன்னலோரப் படிக்கும் மூலைவரை அழைத்துப் போக வேண்டும். போன மாதம் வேறொரு குழுவின் முன்னால் இதே லேப்டாப், திரையில் பாதிப் படிக்கட்டு ஏறியதும் உறைந்து நின்றது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அடுத்தவரைக் கூப்பிட்டார், முடிந்தது கதை. அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை கூடுதல் மெமரி போட வந்தாள். எட்டு ஜிபி இருந்தது, அக்கா இன்னொரு எட்டு சேர்த்துப் பதினாறாக்கினாள். "இனிமே இது நின்னா என்னை வந்து கேளு" என்று வேறு சொல்லி அனுப்பியிருந்தாள்.

இப்போது கேட்க வந்துவிட்டாள்.

"உக்காரு. மணி பத்தரை. நாலு மணிக்கு நீ அங்க இருப்பே, இது ஓடிட்டு இருக்கும்" என்றாள் அக்கா. குரலில் சந்தேகமே இல்லை. உள்ளே இருந்ததா என்றால், கொஞ்சம் இருந்தது.

நாத்தனார் லேப்டாப்பை மேஜையில் வைத்து, பழக்கதோஷமாக அதன் இடது பின்மூலைக்கு அடியில் மடித்த காகிதத் துண்டு ஒன்றைச் செருகினாள். அது இல்லாவிட்டால் தட்டும்போது அந்த மூலை லொடலொடவென்று ஆடும். அக்கா அந்தக் காகிதத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். அட்டையில் முதுகை வரைந்தாள். ஒன்பது ஸ்க்ரூவைக் கழற்றி ஒன்பதையும் அதனதன் இடத்தில் குத்தினாள். மூடி வந்தது. உள்ளே இரண்டு மெமரி, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, ஒழுங்காகக் கவ்விப் பிடித்து உட்கார்ந்திருந்தன.

மூடி இல்லாமலே ஓடவிட்டாள். நாத்தனார் நூலகத்தைத் திரையில் சுழற்றினாள். பத்து நிமிஷம், இருபது நிமிஷம், நாற்பது நிமிஷம். நூலகம் அயராமல் சுற்றியது.

"நல்லாத்தானே ஓடுது?"

"இங்க நல்லா ஓடும் அண்ணி. வீட்டுக்குப் போனா நின்னுடும். பல்லு வலி டாக்டர் வாசல்ல போன உடனே நின்னுடற மாதிரி."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. புது மெமரியின் ஓரத்தை அழிரப்பரால் தேய்த்துத் துடைத்தாள். இடம் மாற்றிப் போட்டாள். புதியதை மட்டும் தனியாக ஓட்டினாள், பழையதை மட்டும் தனியாக ஓட்டினாள். எல்லாம் சரி. ஒன்பது ஸ்க்ரூவையும் போட்டு மூடினாள். ஒன்பதாவது நிமிஷம் நூலகம் கல்லானது. மறுபடி திறந்தாள், ஓடியது. மூடினாள், நின்றது.

திறந்தால் ஓடுகிறது, மூடினால் நிற்கிறது. இதை அப்போதே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அக்காவுக்கு மூக்கின் மேல் கோபம். சூடு ஏறினால் மெமரி படுக்கிறது, அப்படியென்றால் சரக்கு மட்டம், அப்படியென்றால் குற்றவாளி கீழ்க்கடைக்காரர் என்று ஒரே தாவலாகத் தாவிவிட்டாள். அவர்தான் அந்தக் கட்டடத்தில் மெமரி விற்கிறவர், பரம சாது. போனை எடுத்தாள்.

"என்னங்க, குடுக்கறதுதான் குடுக்கறீங்க, உயிரோட இருக்கறதைக் குடுக்கக் கூடாதா?"

"அக்கா, சீல் பிரிக்காத பாக்கெட்டுதான் தந்தேன்..."

"சீல் பிரிக்காம உள்ளயே செத்துப் போயிருக்கு. வேற எடுத்துட்டு வாங்க."

பாவம், அவர் கடையைப் பூட்டிவிட்டு மூச்சிரைக்க ஏறி வந்து வேறொன்றைத் தந்துவிட்டுப் போனார். அதைப் போட்டு மூடினாள். எட்டாவது நிமிஷம், கல். மணி ஒன்றரை.

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவள் அழுகிறாள் என்று தோள் சொன்னது.

"பேசாம புதுசை எடுத்துடுங்க அண்ணி. பழையபடியே கொண்டு போறேன்."

"பழையபடி கொண்டு போனா போன மாசம் மாதிரி ஆகும். சும்மா இரு. நான் இன்னும் கையை விரிக்கலை."

அக்கா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தால் ஓடுகிறது. மூடினால் நிற்கிறது. மெமரி மாற்றியும் நிற்கிறது. அப்படியானால் இவ்வளவு நேரமும் தான் மாற்றாமல் விட்டது எது? மூடி. மூடியோடு ஒன்பது ஸ்க்ரூ.

மறுபடி கழற்றி அட்டையில் குத்தினாள். மூடியின் உட்புறத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒன்றும் இல்லை. அலுத்துப்போய் அட்டையைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கப் போனபோது சுள்ளென்று விரலில் குத்தியது.

அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். எட்டு ஸ்க்ரூவின் நுனி அட்டைக்குப் பின்னால் எட்டியும் பார்க்கவில்லை. ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. எல்லாவற்றையும் பிடுங்கி வரிசையாக நிற்க வைத்தாள். எட்டு குட்டை, ஒன்று நெட்டை. அந்த நெட்டை வந்தது எங்கிருந்து? இரண்டாவது மெமரிக்கு நேர் மேலே இருக்கிற ஓட்டையிலிருந்து.

செவ்வாய்க்கிழமை போட்டது, இன்று கீழ்க்கடைக்காரர் தந்தது என்று இரண்டு புது மெமரியையும் அக்கா எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். இரண்டிலும் ஒரே இடத்தில் மயிரிழை போல ஒரு கீறல். இவ்வளவு நாளும் இரண்டாவது இடம் காலியாக இருந்தது, நெட்டை ஸ்க்ரூவின் நுனி காற்றைக் குத்திக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை அங்கே மெமரி குடியேறியதும் அதைக் குத்தத் தொடங்கிவிட்டது. சூடேறி மெமரி கொஞ்சம் விரிந்தால் போதும், நூலகம் கல்லாகிவிடும். அக்காவும் தன் சட்டம் மாறாமல், எடுத்த இடத்திலேயே அதை ஒவ்வொரு தடவையும் பத்திரமாகத் திருப்பி வைத்திருக்கிறாள்.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கத்தினாள். சந்தோஷம் தாங்காமல் திட்டத் தொடங்கினாள். "எந்தப் படுபாவி இதைத் திறந்தான்? ஸ்க்ரூல நீளம் குட்டைகூடத் தெரியாதவன் எதுக்குய்யா ஸ்க்ரூ டிரைவரைத் தொடறான்? இவனையெல்லாம் பூட்டு போடற வேலைக்குக்கூட வைக்கக் கூடாது. சொல்லு, யார்கிட்ட குடுத்தே இதை?"

"யார்கிட்டயும் குடுக்கலை."

"பொய் சொல்லாதே. திட்ட மாட்டேன்."

"உங்களைத் தவிர யாரும் இதைத் திறந்ததே இல்ல அண்ணி."

அக்கா கையிலிருந்த நெட்டை ஸ்க்ரூவைத் திரும்பிப் பார்த்தாள்.

எட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போது அவள் மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாங்கிச் சில மாதமே ஆன இந்த லேப்டாப் குளறுபடி செய்தது. காற்றாடியில் தூசி அடைத்து மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரன் ஒரு வாரம் ஆகும் என்றான். "குடு, நான் பாக்கறேன்" என்று ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திறந்தாள். அட்டையெல்லாம் அப்போது தெரியாது, ஸ்க்ரூக்களை ஒரு தட்டில் குவித்தாள். கணவர் பின்னால் நின்றுகொண்டு, "பாத்தும்மா, கடைசில இதைக் கோணியில கட்டிக் கொண்டு போற மாதிரி ஆயிடப் போகுது" என்று கிண்டல் செய்தார். அவள் தூசியை எடுத்தாள், கைக்கு வந்த ஸ்க்ரூவைக் கண்ணில் பட்ட ஓட்டையில் பூட்டினாள், பொத்தானை அழுத்தினாள். ஓடியது. நாத்தனார்தான் தட்டைத் தூக்கிக் காட்டிக் கூவினாள்: "அண்ணி, ஒண்ணுகூட மிச்சமில்ல!" வீடே கைதட்டியது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் இது. அடுத்த மாதம் மருந்துக் கடை வேலையை விட்டாள்.

அவள் வாழ்க்கையில் திறந்த முதல் மெஷின் இதுதான். கண்ணை மூடிக்கொண்டு பூட்டிய மகராசி அவளேதான்.

மணி இரண்டே கால். சும்மா மூடிக் கொடுத்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அக்காவுக்கு அந்த நினைப்பு வந்தது, பொய் சொல்வானேன். நெட்டை ஸ்க்ரூவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"இது நான் செஞ்சதுதான். முதல் நாளே தப்பா பூட்டியிருக்கேன். போன மாசம் நீ தோத்தது மெமரி பத்தாமத்தான். ஆனா இன்னிக்குத் தோத்திருந்தேன்னா, அது என்னாலதான் ஆயிருக்கும்" என்றாள். காது மடல்வரை சூடேறியது.

நாத்தனார் அந்த மடித்த காகிதத்தை எடுத்துப் பார்த்தாள்.

"அன்னிக்கு சாயங்காலமே இந்த மூலை ஆடுச்சு அண்ணி. என்னமோ சரியாப் பூட்டலைன்னு அப்பவே தெரிஞ்சுது."

"தெரிஞ்சா சொல்றதுக்கென்ன? எட்டு வருஷமா காகிதம் சொருகிட்டு இருந்தியா?"

"எப்படிச் சொல்றது? கல்யாணமாகி வந்ததுல இருந்து நீங்க அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. மறுபடி திறந்து சரி பண்ணுங்கன்னா, நமக்கு இதெல்லாம் வராதுன்னு மருந்துக் கடைக்கே திரும்பிப் போயிருப்பீங்க."

அக்கா போயிருப்பாள், அது அவளுக்கும் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். நெட்டையை ஆடும் மூலையில் போட்டாள். நன்றாக ஆழம்வரை போய் இறுகியது. அங்கிருந்த குட்டையை மெமரிக்கு மேல் போட்டாள். மூடியை முழுக்கப் பூட்டி, அப்படியே ஒரு மணி நேரம் நூலகத்தைச் சுற்றவிட்டாள். நிற்கவில்லை. மூலையைத் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை. மூன்றரைக்கு நாத்தனார் கிளம்பினாள், படியில் இரண்டிரண்டாக இறங்கும் சத்தம் கேட்டது.

நான்கு மணி ஆனது, ஐந்து ஆனது. அக்கா எந்த மெஷினையும் தொடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தே காலுக்கு அது அடித்தது.

"அண்ணி! நாப்பது நிமிஷம் சுத்திக் காட்டினேன். அது நிக்கவே இல்ல. அவங்கதான் போதும்மா, நிறுத்துங்கன்னாங்க."

"வேலை?"

"உங்க நூலகத்துல எங்க குழந்தைங்க எப்ப உக்காரலாம்னு கேட்டாரு தலைவர். திங்கக்கிழமை கையெழுத்து போட வரச் சொல்லியிருக்காங்க."

அக்கா போனை வைத்துவிட்டுக் கீழ்க்கடைக்காரரைக் கூப்பிட்டு, "உங்க சரக்குல ஒரு குறையும் இல்லீங்க, என் வாய்தான் சரியில்ல" என்றாள். அவர் பயந்துபோய், "பரவால்லக்கா, வேற தரட்டுமா?" என்றார்.

பிறகு நீள நோட்டைத் திறந்தாள். கோளாறு, செய்தது எல்லாம் எழுதினாள். அதற்குக் கீழே, 'மூடியைப் பூட்டிய பிறகு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் எதையும் கொடுக்கக் கூடாது' என்று தனக்கே ஒரு சட்டம் எழுதிக் கோடு போட்டாள். கடைசிக் கட்டம் மிஞ்சியது. மேலே இருந்த படுபாவிகளையும் மகராசன்களையும் ஒருமுறை படித்துப் பார்த்தாள். பேனாவை நன்றாக அழுத்தி, 'இதற்கு முன் திறந்தவர்' என்பதற்கு நேராக 'நான்' என்று எழுதினாள்.