லாசரஸின் வெந்நீரும் ஏழு பூனைகளும்

லாசரஸ் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஏர்கான் குளிர்சாதனம் மாட்டிப் பழுதுபார்க்கும் வேலை பார்த்தவர். ஃபேரர் பார்க் கடைகளில் அவர் ஏணி சாத்தாத சுவர் குறைவு. குளிரவில்லை என்று கூப்பிட்டால், உள்ளங்கையைக் காற்றுக்கு நேரே நீட்டி, "கேஸ் இல்லே" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஊருக்கெல்லாம் குளிர் கொடுத்த மனுஷனுக்கு, ஓய்வு பெற்றுச் செம்பவாங்கில் தோட்டமுள்ள தரைவீட்டில் உட்கார்ந்ததும் ஓர் ஆசை வந்தது: ஒரு தடவையாவது சூடு உண்டாக்கிக் காட்ட வேண்டும்.

அந்த நேரம் பார்த்து வீட்டு ஹீட்டர் கெட்டது. தொட்டி நன்றாக இருந்தது. சூடாக்கும் கம்பிதான் போய்விட்டது.

"புதுசு வாங்கிடுங்க" என்றார் மனைவி அல்போன்சம்மாள். முழங்கால் வலிக்காரர், வெந்நீர் இல்லாமல் அவருக்கு ஆகாது.

"எதுக்கு? காலடியிலேயே சூடு கிடக்கு. நம்ம செம்பவாங்ல வெந்நீர் ஊற்றே இருக்குல்ல?"

பக்கத்து வீட்டு இப்ராஹீம் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஊற்று நாலு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கு அண்ணே."

"பூமிக்கு பஸ் ஸ்டாப் தெரியுமா லா?"

உண்மையில் ஊற்றே தேவையில்லை. மண்ணின் வெதுவெதுப்பே போதும். புதைத்த குழாயில் சுற்றிவரும் தண்ணீர் அதை வாங்கி வரும்; ஓர் இயந்திரம் அதைத் திரட்டித் தொட்டிக்குக் கொடுக்கும். கடையொன்றில் கழித்துப் போட்ட அப்படியொரு சின்ன இயந்திரத்தை லாசரஸ் லாரியில் ஏற்றி வந்தார். பின்பக்கத் தோட்டத்தில் சமையல் வாசனைக்கு வளர்த்த பாண்டான் செடியைப் பிடுங்கினார், பள்ளம் தோண்டினார், குழாயைச் சுருள் சுருளாகப் படுக்க வைத்து மண்ணை மூடினார்.

மூன்று வாரம் ஓடியது. அதுவரை அல்போன்சம்மாள் பிரியாணிப் பானையில் வெந்நீர் வைத்து, நொண்டிக்கொண்டே குளியலறைக்குத் தூக்கிப் போனார். பிறகு கெடு வைத்தார்.

"சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு முன்னாடி வெந்நீர் வரணும். இல்லே, ஷார்லீன்கிட்ட சொல்லி ஹீட்டர் வாங்கிடுவேன். அந்த மெஷின் பழைய இரும்புக்காரனுக்கு."

மகள் ஷார்லீன் வாங்கிவந்துவிட்டால், அந்தக் கதையை ஞானஸ்நான விருந்து முதல் சாவு வீடு வரை சொல்லிச் சிரிப்பாள். லாசரஸுக்கு அது தெரியும்.

சனிக்கிழமை மதியம் இயந்திரத்தை ஓடவிட்டார். சத்தம் சுகமாக இருந்தது. நாலரை மணிக்கு அல்போன்சம்மாள் குளிக்கப் போனார்.

"சேசுவே!"

துண்டைப் போர்த்திக்கொண்டு, பல் கிடுகிடுக்க வெளியே வந்தார். "வெந்நீரா இது? மீன் மார்க்கெட் ஐஸ்!"

லாசரஸ் வாய் திறப்பதற்குள் வேலிப்பக்கமிருந்து குரல் வந்தது. "அண்ணே, உங்க தோட்டத்துல என்ன பூனை மாநாடு?"

ஏழு பூனைகள். மூடிய பள்ளத்தின் மேல் வரிசையாக, வயிற்றை வானத்துக்குக் காட்டிப் படுத்திருந்தன. லாசரஸ் செருப்பைக் கழற்றி மண்ணில் கால் வைத்தார். அப்போதுதான் சுட்ட ரொட்டி மாதிரி இருந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. முப்பத்தெட்டு வருஷமாகச் சூட்டை வெளியே தள்ளி, குளிரை உள்ளே அனுப்பிய கை. யாரையும் கேட்காமல் இங்கேயும் சூடு மண்ணுக்கும் குளிர் தொட்டிக்கும் போகிற மாதிரி குழாய்களை மாட்டிவிட்டது.

"பூனைங்களுக்கு ஸ்பா கட்டியிருக்கீங்க அண்ணே" என்றார் இப்ராஹீம்.

"ஸ்பேனர் எடு லா!"

இருவரும் மண்டியிட்டு, மண்ணுக்குப் போகும் இரண்டு, தொட்டிக்குப் போகும் இரண்டு என நான்கு குழாய்களையும் இடம் மாற்றினார்கள். லாசரஸ் ஒவ்வொன்றையும் மாட்டும்போது, தன் கையை நம்பாமல், "சூடு உள்ளே, குளிர் வெளியே" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டார். அல்போன்சம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார்.

ஐந்தேகாலுக்குக் குளியலறைக் குழாயில் வெதுவெதுப்பு. ஐந்தரைக்கு அல்போன்சம்மாள் விரல் நீட்டிப் பார்த்து, உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

ஆறு மணிக்கு லாசரஸ் கதவைத் தட்டினார். "பூசைக்கு நேரமாச்சு."

"நாளைக்குக் காலையில போய்க்கலாங்க" என்றது உள்ளேயிருந்து குரல்.

மறுநாள் பூனைகள் வந்தன. சில்லிட்ட மண்ணில் கால் வைத்துப் பார்த்து, லாசரஸை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போயின. அல்போன்சம்மாள் நகப்பூச்சு எடுத்து வந்து, தொட்டிக்குப் போகும் குழாயின் மேல் சிவப்பாக எழுதினார்: "சூடு உள்ளே."

லாசரஸ் இப்போது இல்லை. ஷார்லீன் புது ஹீட்டர் வாங்கித் தருகிறேன் என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். அல்போன்சம்மாள் வேண்டாம் என்றார். எழுத்து மங்கினால் மட்டும், நகப்பூச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவார்.