எங்கள் கரைக்குப் பூட்டு

எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே நீர்த்தேக்கம். தேயிலைக்கு நடுவே இறங்குகிற ஒற்றையடிப் பாதையில் போனால் கரை வந்துவிடும். திருவிழாவுக்குத் தண்ணீர் மொண்டு பூச்சுற்றிக் கரகம் பாலிப்பதும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை துணி மூட்டையோடு இறங்கினால், அம்மா ஊர்க்கதை முழுவதையும் சேர்த்து அலசிவிட்டுத்தான் ஏறுவாள். "செத்தா என்னைய இந்தத் தண்ணியிலதான் விடணும், சொல்லிப்புட்டேன்" என்பாள். நாங்கள் சிரிப்போம்.

அந்தக் கரையில் ஹோட்டல் வந்தது. முதலாளி எங்கள் மாரியம்மன் திருவிழாவுக்கு லைட்டும் ஸ்பீக்கரும் தந்தார். அடேயப்பா, மனுஷன் என்றால் இவரல்லவா மனுஷன் என்று தோட்டமே உருகிப்போனது. கோயில் தலைவரான அப்பா தன் கையாலேயே அவருக்குப் பரிவட்டம் கட்டிவிட்டார். திருவிழா முடிந்த கையோடு பாதைக்குக் குறுக்கே கம்பி வேலி, கேட், பூட்டு. விருந்தாளிகளுக்கு நாங்கள் தொந்தரவாம். யார் அப்பன் வீட்டுத் தண்ணீர் அது? இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

போன மாசியில் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். சாம்பலைக் கலயத்தில் எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் கேட்டுக்குப் போனோம். காவல்காரர் சிங்களவர், நல்ல மனுஷன்தான். எங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார்.

"சாம்பல் போட்டா தண்ணி அசிங்கமாகும்னு முதலாளி சொல்லியிருக்கு" என்றார்.

அப்பா கலயத்தைத் துண்டால் மூடிக்கொண்டு திரும்பினார்.

வேலியைச் சுற்றி நடந்தோம். தண்ணீர்வரை இறங்க முடிந்த இடம் ஒன்றே ஒன்றுதான். ஹோட்டல் கழிவுக் குழாய் வந்து விழுகிற பள்ளம். கறுத்த நுரை; நாற்றம் குடலைப் பிடுங்கியது. எங்கள் அம்மா அசிங்கமாம், இது சுத்தமாம்! எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"விட்டுடுங்கப்பா, வேற என்னா செய்யிறது" என்றேன்.

"இதுலயா? இதுலயா ஒங்கம்மாவ விடச் சொல்ற?"

அப்பா அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் பொல்பிட்டிய ஆற்றுக்குப் பஸ் ஏறினோம். அம்மாவுக்குப் பஸ் என்றாலே நடுக்கம். வளைவுக்கு வளைவு அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். கினிகத்தேனை இறக்கத்தில் பஸ் சாயும்போதெல்லாம் அப்பா மடியிலிருந்த கலயத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"பயப்படாத புள்ள, இந்தா வந்துட்டோம்" என்று அதனிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.